நெஞ்சே, இப்போது நின்றுவிடாதே

தன் நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது என்று ஒரு மனுசி வாய் திறந்து சொல்லும்போது, அதை நம்புவதற்கு மற்றவர்களுக்கு ஏன் ஒரு இயந்திரம் தேவைப்படுகிறது? அந்த இயந்திரமும் அவளுடைய பக்கம் நின்றால், உடனே ஏன் இயந்திரத்தில் பிழை தேடுகிறார்கள்? கொறற்றி அக்கா இதைக் கேட்டபோது நான் பள்ளிக்கூடம் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன். எனக்கு நடந்ததை நடந்தபடி எழுதத்தான் தெரிகிறது.

கொறற்றி மன்னார்க்காரி. எண்பத்தொன்பதில் ஜேர்மனிக்கு வந்து அகதி விண்ணப்பம் கொடுத்தபோது அவளுக்கு இருபத்து மூன்று வயது. அவளைக் கொண்டுபோய் விட்ட விடுதி, காடும் மாட்டுக் கொட்டிலும் தவிர வேறெதுவும் கண்ணில் படாத ஒரு மலைக் கிராமத்தில் இருந்தது. வேலை செய்யக் கூடாது. மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது. காலையில் எழுந்து, தேத்தண்ணி குடித்து, யன்னலால் மழையைப் பார்த்துவிட்டுத் திரும்பப் படுப்பதுதான் அங்கிருந்தவர்களின் பொழுது. கொறற்றிக்கு அது ஒரு கிழமைக்கு மேல் ஒத்துவரவில்லை. யாரோ கழித்துவிட்ட சப்பாத்தைப் போட்டுக்கொண்டு ஓடத் தொடங்கினாள். மாவட்டம் முடியும் இடத்தில் ஒரு பலகை நின்றது. அதுவரை ஓடிப்போய், அதன் முகத்தில் உள்ளங்கையால் ஓங்கி ஓர் அறை விட்டுவிட்டுத் திரும்பி ஓடி வருவாள்.

"ஏன் பிள்ளை பலகைக்கு அடிக்கிறாய்?" என்று விடுதியில் ஒருவர் கேட்டாராம்.

"சட்டம் போட்டவனுக்கு அடிக்க ஏலாது அண்ணை. இதுதான் கைக்கு எட்டுது."

அவள் ஓடத் தொடங்கியதே கோபத்தில்தான். பிறகு விசா கிடைத்தது. பாசையூர்க்காரனான ஜெசிந்தனைக் கலியாணம் கட்டிக் கெல்சென்கிர்ச்சன் நகரத்துக்கு வந்தாள். ஜெசிந்தனுக்கு ஓர் இத்தாலியன் சாப்பாட்டுக் கடையின் குசினியில் வேலை. கொறற்றிக்கு ஒரு முதியோர் இல்லத்தின் குசினியில் வேலை. விடிய எழுந்து கிழடுகளுக்குக் கஞ்சி காய்ச்சுவாள். கஞ்சியில் கட்டி இருந்தால் அவர்கள் பேசுவார்கள். அவளும் திருப்பிப் பேசுவாள். அங்கே அவளை எல்லோருக்கும் பிடிக்கும்.

அவள் கால்வாய்க் கரையில் ஓடுவதைப் பற்றித் மாதா கோயில் தமிழ்ப் பூசைக்கு வரும் சனம் கதைக்காத கதையில்லை. கலியாணம் கட்டின பெண் காற்சட்டையோடு ஓடுகிறாளாம். இப்படிக் குலுங்கினால் வயிற்றில் பிள்ளை எப்படித் தங்குமாம். "தங்கிற பிள்ளை தங்கும். தங்காத பிள்ளைக்கு நான் கதிரையில இருந்தாப்போல என்ன?" என்று ஒருநாள் கோயில் வாசலில் வைத்தே கேட்டுவிட்டாள். அதன் பிறகு அவள் முன்னால் யாரும் கதைக்கவில்லை.

கால்வாய்க் கரையில்தான் ரெனாட்டெயைச் சந்தித்தாள். ரெனாட்டெ நகரத்து பஸ் ஓட்டுகிற பெண். தோள் அகலம், குரல் அதைவிட அகலம். சனிக்கிழமைக் காலைகளில் ஏழெட்டுப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு ஓடுவாள். ஒருநாள் கொறற்றியைத் தாண்டிப் போகும்போது, "தனியே ஓடினால் பேச்சுத்துணைக்கு வாத்துதானே கிடைக்கும், எங்களோடு வா" என்று கூப்பிட்டாள். எந்த நாடு என்று கேட்கவில்லை. எப்போது திரும்பிப் போவாய் என்றும் கேட்கவில்லை. ஜேர்மனிக்கு வந்து ஏழு வருடத்தில், அந்த இரண்டு கேள்வியும் இல்லாமல் தன்னை ஒருவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை என்று கொறற்றி சொல்லுவாள். பெயரைச் சொல்ல அவர்களுக்கு நாக்குச் சுழலவில்லை. "கோரா" ஆக்கிவிட்டார்கள்.

அந்த வருடம், தொண்ணூற்றாறில், இலையுதிர்காலத்தில் நடக்கவிருந்த பத்துக் கிலோமீற்றர் நகர ஓட்டத்தில் எல்லோரும் ஒரே நிறச் சட்டை போட்டு ஓடுவதாக முடிவு. கொறற்றிக்கும் ஒரு சட்டை தைக்கக் கொடுத்தாயிற்று. அந்த ஓட்டம் ஓடவேண்டும் என்பதுதான் அவளுக்கு இருந்த ஆசை.

நெஞ்சு விளையாட்டுக் காட்டத் தொடங்கியது அந்த வசந்தத்தில்.

ஓடிக்கொண்டிருந்தாள். மூச்சு இளைக்கவில்லை, கால் களைக்கவில்லை. யாரோ சுவிட்சைப் போட்டதுபோல நெஞ்சு திடீரென்று வேறொரு வேகத்துக்குத் தாவியது. தொண்டைக்குழிக்குள் ஏதோ படபடவென்று அடித்தது. கண் இருண்டுகொண்டு வந்தது. கரையில் இருந்த மர வாங்கில் போய் இருந்தாள். இருந்தும் அது குறையவில்லை. கொஞ்ச நேரத்தில், எப்படி வந்ததோ அப்படியே, ஒரே அடியில் நின்றுவிட்டது. மெல்ல மெல்லக் குறைந்து போகவில்லை. சுவிட்சை நூர்த்ததுபோல நின்றது.

வீட்டில் வந்து சொன்னாள்.

"வயித்துக்கு ஒண்டும் போடாமல் ஓடினா நெஞ்சு கத்தாமல் என்ன செய்யும்?" என்றான் ஜெசிந்தன்.

"வாழைப்பழம் சாப்பிட்டனான்."

"ஒரு வாழைப்பழத்தில நாய் கூட ஓடாது, இஞ்சர்."

இரண்டாம் தடவை வந்தபோது அவன் சிரிக்கவில்லை. மூன்றாம் தடவைக்குப் பிறகு வழமையாகப் பார்க்கும் வீட்டு டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனான். டொக்டருக்கு ஐம்பது வயதிருக்கும். நல்ல மனிதர் என்றுதான் ஊரில் பேர். அவர் கேள்விகளையெல்லாம் ஜெசிந்தனிடம் கேட்டார். நோயாளி பக்கத்துக் கதிரையில் இருந்தாள், ஜெசிந்தனைவிட நன்றாக ஜேர்மன் கதைக்கிறவள்.

"எப்போதிருந்து இவருக்கு இப்படி?"

"வசந்தத்திலிருந்து," என்றாள் கொறற்றி.

டொக்டர் தலையாட்டிவிட்டு ஜெசிந்தனைப் பார்த்து, "நித்திரை எப்படி?" என்றார்.

படுக்கவைத்து, கம்பிகளை ஒட்டி, ஈ.சி.ஜி. எடுத்தார்கள். அவள் அமைதியாகப் படுத்திருக்கும்போது நெஞ்சும் அமைதியாகத்தானே இருக்கும்? கடதாசியில் எல்லாம் அழகாக வந்தது. டொக்டர் அதை மடித்து வைத்துவிட்டு, ஊரில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். அம்மா மன்னாரில் என்றாள். அங்கே இன்னும் சண்டையா என்று கேட்டார். ஓம் என்றாள். அவ்வளவுதான். அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. முகத்தில் இரக்கம் வந்தது.

"உங்கள் நாட்டுப் பெண்களுக்கு மனப்பாரம் எப்போதும் உடம்பில்தான் வந்து நிற்கும். இது நரம்பு. கொஞ்சக் காலம் ஓடவேண்டாம்," என்று சொல்லி, மனதை ஆற்றும் குளிசை எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் கொறற்றி வெடித்தாள். "என்ர அம்மா மன்னாரில இருக்கிறா. அவவை நினைச்சு நான் ராவில அழுறனான். சனிக்கிழமை காலமை ஓடேக்க அழுறேல்லை. அந்த ரெண்டுக்கும் என்ன முடிச்சு?"

"படிச்ச மனுசன் சொல்லுறார்."

"அவர் என்னைக் கேக்கவே இல்லையே! உங்களையெல்லோ கேட்டவர். அப்ப அந்தக் குளிசையை நீங்களே போடுங்கோ."

இருந்தாலும் ஒருநாள் போட்டுப் பார்த்தாள். அடுத்த நாள் காலை, கஞ்சிப் பானைக்கு முன்னால் நின்றபடியே தூங்கி, அகப்பையைப் பானைக்குள் விட்டுவிட்டாள். மிச்சத்தைக் கழிவறைக்குள் கொட்டித் தண்ணீர் விட்டாள்.

ரெனாட்டெயிடம் விசயத்தைச் சொன்னபோது அவள் வேறு வழி பிடித்தாள். அந்த நாட்களில் ஓட்டக்காரர்களிடம் புதிதாக ஒரு சாமான் வந்திருந்தது. நெஞ்சைச் சுற்றிக் கட்ட ஒரு பட்டி, கையில் ஒரு மணிக்கூடு. பட்டி நெஞ்சு அடிப்பதைப் பிடித்து அனுப்பும். நிமிடத்துக்கு எத்தனை என்று மணிக்கூடு காட்டும். "டொக்டர் பார்க்கும்போது உன் நெஞ்சு ஒளித்துக்கொள்கிறது. ஓடும்போது பிடிப்போம்," என்றாள் ரெனாட்டெ.

பிடித்தார்கள். கொறற்றி குனிந்து சப்பாத்துக் கயிறு கட்டும்போது மணிக்கூடு இருநூற்றேழு காட்டியது. பாலத்து ஏற்றத்தில் மூச்சு வாங்க ஓடும்போது நாற்பத்தொன்று. நின்று தண்ணீர் குடிக்கும்போது வெறும் கோடுகள். பிறகு நூற்றெண்பது, அறுபது, திரும்பவும் கோடுகள். அதே பட்டியை ரெனாட்டெ கட்டினால் ஒழுங்காகக் காட்டியது. மற்றப் பெண்கள் கட்டினாலும் ஒழுங்கு. கொறற்றி கட்டினால் மட்டும் பேய் பிடித்ததுபோல ஆடியது.

"எனக்கு இப்ப ஒண்டும் செய்யேல்லை. நல்லாத்தான் இருக்கிறன். மற்ற நேரம்தான் அப்பிடி வாறது," என்று கொறற்றி அவளுடைய ஜேர்மனில் சொன்னாள். யாருக்குக் கேட்டது? நல்லாயில்லை என்று அவள் சொன்னபோது டொக்டர் நம்பவில்லை. நல்லாயிருக்கிறேன் என்று சொன்னபோது பெண்கள் நம்பவில்லை. ரெனாட்டெயின் முகம் வெளுத்துவிட்டது.

"கோரா, நீ என்னோடு ஓடும்போது விழுந்து செத்தால் நான் எப்படி பஸ் ஓட்டுவேன்? டொக்டர் ஓடலாம் என்று எழுதித் தரட்டும். அதுவரைக்கும் கூட்டத்தோடு நீ இல்லை."

கொறற்றி திரும்பவும் டொக்டரிடம் போனாள். இந்த முறை தனியே. எண்களைச் சொன்னாள். அவர் சிரித்தார். "பார்த்தீர்களா, உங்களுக்குக் கட்டினால் இயந்திரத்துக்கும் நரம்புத்தளர்ச்சி," என்றார். எழுதிக் கொடுக்கவில்லை.

விடயம் வெளிச்சத்துக்கு வந்தது தற்செயலாகத்தான். பட்டி தளர்ந்திருக்கிறதோ என்று பார்க்க, கடைசி முயற்சியாக ரெனாட்டெ தன் வீட்டில் வைத்து அதைத் தன் கையாலேயே கொறற்றிக்கு இறுக்கிக் கட்டினாள். விரல் வழுக்கியது. மணந்து பார்த்தாள்.

"இது என்ன?"

கொறற்றி உள்சட்டையைக் கீழே இழுத்துவிட்டாள்.

குளிரில் வெளிக்கிட முன் நெஞ்சில் எண்ணெய் தேய்ப்பது நம்முடைய வீடுகளில் யாருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டிய காரியமில்லை. தேங்காயெண்ணெயில் கற்பூரம் போட்டுச் சூடாக்கி, தடிமன் பிடிக்காமல் நெஞ்சிலும் விலாவிலும் பூசிக்கொண்டுதான் கொறற்றி ஓடப் போவாள். ஆனால் அதை ஏன் மறைத்தாள் என்பதுதான் எனக்கு வயிறு எரிகிற இடம். முன்னொருநாள் வேலையிடத்தில் உடுப்பு மாற்றும் அறையில் அவள் சட்டையைக் கழற்றியபோது, ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு போய் யன்னலைத் திறந்தாள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து கொறற்றி எண்ணெயை வீட்டிலேயே பூசி, வாசம் வராமல் அதன் மேல் இறுக்கமான உள்சட்டை போட்டு, அதன் மேல் ஓட்டச் சட்டை போட்டு வந்தாள். பட்டியையும் யாரும் காணாமல் உள்ளே கையை விட்டுத் தானே கட்டுவாள். யாருக்கும் பதில் சொல்லிவிடக் கூடியவள் அந்த யன்னலுக்கு மட்டும் பதில் சொல்லவில்லை.

ரெனாட்டெ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அடி பைத்தியம்! இதற்கு ஈரத் தோல் வேண்டும். எண்ணெய்க்குள்ளால் அது எதைப் பிடிக்கும்?"

கொறற்றியைக் குளியலறைக்கு இழுத்துக்கொண்டு போய்ச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவ வைத்தாள். பட்டியைத் தண்ணீரில் நனைத்துக் கட்டினாள். எண்பத்துநான்கு. நடந்தபோது நூற்றுப்பத்து. ஓடியபோது நூற்றைம்பதுகள். அசைக்க முடியாத ஒழுங்கு. பெண்கள் கைதட்டினார்கள். கொறற்றியும் சிரித்தாள். டொக்டரும் அந்தக் கதையைக் கேட்டுச் சிரித்து, ஓடலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அந்த ஒரு நாள் எல்லாம் நல்லபடியாக முடிந்ததுபோல இருந்தது.

முடியவில்லை. மணிக்கூட்டின் கூத்துக்கு எண்ணெய்தான் காரணம், சரி. ஆனால் மணிக்கூடு வருவதற்கு முன்னமே அவளுக்குக் கண் இருண்டதே? வாங்கில் போய் இருந்தாளே? அதை எல்லோரும் சேர்த்து எண்ணெய்க்குள் போட்டு மூடிவிட்டார்கள். ஜெசிந்தன் பூசை முடிந்து மண்டபத்தில் தேத்தண்ணி குடிக்கும்போது இதை ஒரு பகிடியாக்கினான்.

"என்ர மனுசிக்கு இருதய வருத்தமில்லை, தாச்சி வருத்தம். தாச்சியில எண்ணெய் கொதிச்சிருக்கு, அவ்வளவுதான்."

"அப்ப அடுத்த முறை கடுகும் கறிவேப்பிலையும் போட்டு விடு, ஜெசிந்தன். தாளிச்சு எடுக்கலாம்!" என்றார் ஒருவர்.

மண்டபமே சிரித்தது. தட்டில் கேக்கோடு நின்ற கொறற்றி, தட்டை மேசையில் வைத்துவிட்டு வெளியே போய் நின்றாள். பின்னால் வந்த ஜெசிந்தனிடம், "இனி எனக்கு நெஞ்சு துள்ளினா நான் ஆருக்குச் சொல்லுறது? தாச்சிக்கோ?" என்று கேட்டாள்.

"சும்மா பகிடிக்கு, அப்பா. நீ எல்லாத்துக்கும் கோவிக்கிறாய்."

"ஓம். நான் கோவிக்கிறது மட்டும்தான் உங்களுக்குத் தெரியுது."

அது திரும்பவும் வந்தபோது புரட்டாதி பிறந்துவிட்டது. நகர ஓட்டத்துக்கு இரண்டு கிழமைதான் இருந்தது. சட்டைகள் தைத்து வந்துவிட்டன. ஒரு சனிக்கிழமை, பாலத்தைத் தாண்டி ஓடும்போது சுவிட்ச் விழுந்தது. கொறற்றி மணிக்கூட்டைப் பார்த்தாள். நூற்றைம்பத்திரண்டிலிருந்து ஒரே தாவலில் இருநூற்றுப் பத்தொன்பது. நின்றாள். நின்ற பிறகும் இருநூற்றுப் பத்தொன்பது. புல்லில் இருந்தாள். இருநூற்றுப் பதினெட்டு. எண்ணெய் நாட்களில் எண் குரங்குபோலத் துள்ளியது. இது சுவரில் அறைந்த ஆணிபோல அசையாமல் நின்றது.

சொன்னால் ஓட்டம் போய்விடும். அது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. சொல்லாமல் எழுந்து நடந்து போனால் இரண்டு கிழமையில் ஓடலாம். திரும்பி வந்த ரெனாட்டெ மேலே நின்று மணிக்கூட்டை எட்டிப் பார்த்தாள். பிறகு, நல்ல மனதோடுதான், அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"கோரா, இன்றைக்கும் எண்ணெய் பூசினாயா?"

கொறற்றிக்கு வந்த கோபத்தில், ஓட்டமாவது சட்டையாவது என்று போய்விட்டது. ரெனாட்டெயின் கையைப் பிடித்து இழுத்துத் தன் கழுத்தில், தாடைக்குக் கீழே, வைத்து அமர்த்தினாள். "எண்ணு! மணிக்கூட்டைப் பாராதே, எண்ணு!"

ரெனாட்டெ எண்ணத் தொடங்கினாள். அவளால் எண்ண முடியவில்லை. அவ்வளவு வேகம். விரலுக்குக் கீழே தோல் நடுங்குவதுபோல இருந்ததாம். பஸ் ஓட்டுகிற அந்தப் பெரிய பெண், "கடவுளே," என்றாள். அடுத்த நிமிடம் கொறற்றியைக் காரில் ஏற்றிவிட்டாள்.

ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில், கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் காப்புறுதி அட்டையைக் கேட்டாள். ஓடப் போனவளிடம் அட்டை எங்கே இருக்கும்? அப்படியானால் இருங்கள், கூப்பிடுவோம் என்றாள். முன்னால் கை முறிந்த ஒரு பையனும், விரலை வெட்டிக்கொண்ட ஒருவரும் இருந்தார்கள்.

அங்கே கதிரையில் இருந்துகொண்டு கொறற்றி வேண்டிய வேண்டுதல்போல ஒன்றை எந்தக் கத்தோலிக்கரும் வேண்டியிருக்க மாட்டார்கள். அவளுக்குத் தெரியும், அது வந்ததுபோலவே நின்றுவிடும். கம்பி ஒட்டுவதற்கு முன் நின்றால் கடதாசி மறுபடியும் அழகாக வரும். மறுபடியும் நரம்பு. மறுபடியும் குளிசை. மறுபடியும் தாச்சி. அவள் நெஞ்சைக் கையால் பொத்திக்கொண்டு, பல்லைக் கடித்தபடி, "மாதாவே, இப்ப மட்டும் நிப்பாட்டிப் போடாதேயும். இன்னும் கொஞ்ச நேரம் துள்ளவிடும் தாயே. அவங்கள் பாக்குமட்டும் துள்ளவிடும்," என்று முணுமுணுத்தாள். சுகமாக்கு என்று கேட்பார்கள். அவள் வருத்தம் போகாமல் இருக்கக் கேட்டாள். ஒரு மனுசியை அந்த இடத்துக்குக் கொண்டுபோய் விட்டிருந்தார்கள்.

கண்ணாடியை ரெனாட்டெ கையால் தட்டினாள். அவளுடைய குரல் ஆஸ்பத்திரிக்குப் புதிது. "இந்தப் பெண்ணின் கழுத்தில் நீ வந்து கை வை! வைத்துவிட்டு அட்டையைக் கேள்!" உள்ளேயிருந்து ஒரு தாதி ஓடி வந்து, கையை வைத்தாள். வைத்த கையை எடுக்காமலேயே உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

கம்பிகளை ஒட்டினார்கள். அது இன்னும் துள்ளிக்கொண்டிருந்தது. கடதாசி வெளியே வந்தது. நெருக்கமாக, சீப்புப் பல் அடுக்கினதுபோல. இளம் டொக்டர் ஒருவர் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். சிரிக்கவில்லை.

"இது எவ்வளவு காலமாக இருக்கிறது?" அவர் கொறற்றியிடமே கேட்டார்.

"வசந்தத்திலிருந்து."

"அப்படியானால் ஏன் இவ்வளவு நாளும் வரவில்லை?"

அவள் அந்தக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். கம்பிகள் இரண்டு கழன்றன. "வந்தேன்! நான் வந்தேன்! டொக்டரிடம் திரும்பத் திரும்பப் போனேன்!" அவள் கத்தியது வெளியே கை முறிந்திருந்த பையனுக்கும் கேட்டதாம்.

சில நொடி மோசமாக இருக்கும் என்று சொல்லி நரம்பில் ஓர் ஊசி போட்டார்கள். கிணற்றுக்குள் விழுவதுபோல இருந்தது. நெஞ்சுக்குள் ஒன்றுமே இல்லாத ஓர் அமைதி. பிறகு தட், தட், தட் என்று ஒழுங்காக, தன்பாட்டில், அது நடக்கத் தொடங்கியது. அப்போதுதான் அவள் அழுதாள்.

பிறவியிலேயே அவளுடைய இதயத்துக்குள் ஒரு குறுக்குப் பாதை இருந்திருக்கிறது. துடிப்பைக் கொண்டுபோகும் சமிக்ஞை சில வேளைகளில் அதற்குள் மாட்டுப்பட்டுச் சுற்றிச் சுற்றி ஓடும். அப்போதுதான் அந்த வேகம். ஓட்டம் அதைத் தட்டிவிடலாம், சும்மா இருக்கும்போதும் வரலாம். அது வராத நேரத்தில் எடுத்த ஈ.சி.ஜி.யில் அந்தப் பாதை தெரியவில்லை. தொடையிலுள்ள இரத்தக்குழாய் வழியாகக் கம்பி விட்டு அந்தப் பாதையைச் சுட்டுவிட்டால் போதும் என்றார்கள். இதையெல்லாம் அந்த இளம் டொக்டர் ஒரு படம் கீறி அவளுக்கு விளங்கப்படுத்தினார். அதற்கு அதிக நேரம் எடுக்கவில்லை. வீட்டு டொக்டருக்கும் அவ்வளவு நேரம் இருந்திருக்கும்.

ஜெசிந்தன் குசினி ஏப்ரனோடு ஓடி வந்தான். கட்டிலடியில் நின்று, கடதாசியைப் பார்த்து, அவளைப் பார்த்து, "எனக்குத் தெரியாமப் போச்சு," என்றான்.

"தெரியாமப் போகேல்லை. நான் சொன்னனான்."

"ஓம். சொன்னனி."

"மண்டபத்தில வச்சுச் சிரிச்சுச் சொன்னனீங்கள் என்ன? அதே மண்டபத்தில, அதே சனத்துக்குச் சொல்லுங்கோ. சிரிக்காமல் சொல்லுங்கோ. அதுக்குப் பிறகு என்னோட கதையுங்கோ."

நகர ஓட்டம் அவள் இல்லாமல் நடந்தது. அவள் கரையில் நின்று பார்த்தாள். அவளுடைய சட்டை வீட்டில் மடித்தபடி இருந்தது. பெண்கள் கையசைத்தார்கள். அவள் கையசைக்கவில்லை. அதற்காக அவளை யாரும் குறை சொல்லக் கூடாது. ஒரு வருடம் அவளிடமிருந்து பறிபோனது. யார் பறித்தது என்று கேட்டால் ஒருவருடைய பெயரையும் சொல்ல முடியாது, எல்லோரும் நல்லவர்கள். அதுதான் கோபத்தை இன்னும் கூட்டுகிறது. மார்கழியில் அந்தப் பாதையைச் சுட்டார்கள். அடுத்த வருடம் அவள் பத்துக் கிலோமீற்றரையும் ஓடினாள். ஆனால் அந்த வீட்டு டொக்டர் ஒரு நாளும் மன்னிப்புக் கேட்கவில்லை. "இப்போது நரம்பு எப்படி?" என்று வீதியில் கண்டு கேட்டாராம். "உங்கள் காது எப்படி?" என்று அவள் திருப்பிக் கேட்டாளாம்.

அவள் ஆஸ்பத்திரியில் கேட்டதை ஜெசிந்தன் செய்தான். அடுத்த தமிழ்ப் பூசை முடிந்ததும் மண்டபத்தில் எழுந்து நின்றான். அவனுக்குக் கூட்டத்தில் கதைக்க வராது. தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு, "அண்டைக்கு நான் ஒரு பகிடி சொன்னனான். அது பிழை. மனுசிக்கு உண்மையிலயே இருதயத்தில வருத்தம். சுவிட்ச் போட்டமாதிரி நெஞ்சு துள்ளும். அவ சொல்லேக்க நான் கேக்கேல்லை," என்று சொல்லிவிட்டு இருந்துவிட்டான். கடுகு, கறிவேப்பிலை என்றவர் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

சனம் கலைந்த பிறகு வெரோனிக்கா என்கிற பெண் கொறற்றியிடம் மெல்ல வந்தாள். ஒரு ஹோட்டலில் அறை துப்புரவாக்குகிறவள், இரண்டு பிள்ளைகளின் தாய். யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, "அக்கா, எனக்கும் படி ஏறேக்க அப்பிடித்தான் வாறது. சுவிட்ச் போட்டமாதிரி எண்டு அவர் சொன்னாரெல்லோ, அதே மாதிரி. நான் மூண்டு வருசமாக் குளிசை போடுறன். நரம்பாம்," என்றாள்.

கொறற்றி அவளுடைய இரண்டு கையையும் பிடித்தாள். "குளிசையைப் பற்றிப் பிறகு பாப்பம். அடுத்த முறை வரேக்க, நிக்கும் எண்டு பாத்துக்கொண்டிராதை. வேலையை விட்டிட்டு, ஆரையாவது கூட்டிக்கொண்டு, அது துள்ளிக்கொண்டிருக்கேக்கயே போ. தனியப் போகாதை. ஆரும் வராட்டி எனக்கு ரெலிபோன் எடு. நான் வாறன். நான் வந்து கத்துறன்."

வெரோனிக்கா ரெலிபோன் எடுத்தாள். இருவரும் போனார்கள். அவளுடைய கடதாசியிலும் அதே சீப்புப் பற்கள் இருந்தன.

ஆகவே இதை வாசிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். எசனிலும் பேர்லினிலும் இன்னும் எங்கெல்லாமோ, கஞ்சிப் பானைக்கு முன்னாலும் ஹோட்டல் படிகளிலும், தன் நெஞ்சைப் பற்றிச் சொல்லிவிட்டுக் குளிசையோடு திருப்பி அனுப்பப்பட்ட எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்த ஒருத்தி இருப்பாள். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாவிட்டால் வாசித்துக் காட்டுங்கள். அவள் புருசன் பக்கத்தில் இருந்தால் இன்னும் கொஞ்சம் சத்தமாக வாசியுங்கள். கொறற்றியின் கதையை உங்களோடு வைத்துக்கொள்ளாமல் அவளிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள்.